87 ரூபாய் மண்ணெண்ணெய்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. ஓட்டோ கராஜில் நின்றதில் ஓடுப்பட்டுத் திரிந்தேன், இன்றுதான் ஆறுதலாக உட்கார முடிந்தது. அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை.

2022இல் டொரன்டோவில் பெற்றோல் லீற்றர் 2 டொலரைத் தாண்டியபோது நீ பட்ட பாட்டை எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்த வருடம்தான் மனதில் ஓடுகிறது. இங்கே இலங்கையில் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். காசு இருந்தாலும் சாமான் இல்லை. இரண்டு இரவு வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்தேன். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் அடிக்கும் முறை வந்தது, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதை வைத்து எங்கே ஓடி எப்படி உழைப்பது?

ஆனால் என்னைவிட அத்தான்தான் நொந்துபோனார். ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. அவருடைய மீன்பிடிப் போட்டுக்கு ஒருநாள் தொழிலுக்கு 30 லீற்றர் வேண்டும். முன்பு 2,610 ரூபாய், அன்றிலிருந்து 10,200. மீன் பட்டால் சமாளிக்கலாம், படாத நாளில்? திருக்கடலூர்க் கரையில் போட்டுகள் ஏற்றியபடியே கிடந்தன. அக்கா காப்பை அடகு வைத்ததை அப்போது உனக்கு எழுத மனம் வரவில்லை.

"உலகச் சந்தை விலை, என்ன செய்வது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அப்புறம் அந்த வருடத்து எண்ணெய்க் கம்பனிக் கணக்குகள் பேப்பரில் வந்தன. எக்ஸான்மொபிலுக்கு 55.7 பில்லியன் டொலர் இலாபம். ஷெல்லுக்குக் கிட்டத்தட்ட 40 பில்லியன். அதே வருடம் ஏப்ரலில் எங்கள் நாடு கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, மொத்த வெளிநாட்டுக் கடனே ஏறக்குறைய 51 பில்லியன்தான். ஒரு கம்பனியின் ஒரு வருட இலாபம் அதைவிடப் பெரிது, மச்சான். மூன்று தரம் வாசித்தேன்.

எண்ணெயைத் தோண்டி எடுக்கிற செலவா அந்த வருடம் அப்படி ஏறியது? உக்ரைனில் சண்டை, ரஷ்ய எண்ணெய் வராமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் உலகம் முழுக்கச் சனம் காசு கட்டியது. எங்கள் ரூபாய் விழுந்ததும் மானியத்தை எடுத்ததும் பெரிய காரணங்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அத்தான் கொடுத்த காசில் ஒரு பங்கு அந்த இலாபத்துக்குள்தான் போய் விழுந்தது.

2020இல் எக்ஸான் 22 பில்லியன் நட்டப்பட்டதையும் பாருங்கள் என்கிறான் மருமகன். சரி, பார்த்தேன். அந்த ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை ஒருநாள் பூச்சியத்துக்கும் கீழே போனது. அப்போதும் நாங்கள் 137 ரூபாய்க்குத்தான் பெற்றோல் அடித்தோம், ஒரு சதம் குறையவில்லை. ஏறும்போது மட்டும் உலகச் சந்தை எங்கள் வாசலுக்கு வருகிறது.

பிரிட்டன் 2022 மே மாதம் வடகடல் எண்ணெய் இலாபத்துக்கு 25 வீத மேலதிக வரி அறிவித்தது, பிறகு 35 ஆக்கியது. நியாயமான வேலை. ஆனால் எண்ணெய் எடுக்கிற நாடு வரி போடலாம். வாங்குகிற நாங்கள் யாருக்குப் போடுவது? இந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

திருகோணமலை சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கேட்டிருந்தாய். வெள்ளைக்காரன் கட்டியதில் 99 இன்னும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கோடியே 20 இலட்சம் லீற்றர் பிடிக்கும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. சைக்கிளில் போகும்போது காட்டுக்குள்ளால் எட்டிப் பார்ப்போமே, அவற்றில் பலதும் துருப்பிடித்து அப்படியே கிடந்தன. பத்துத் தாங்கிகளையாவது முன்பே திருத்தி, 2020இல் விலை விழுந்தபோது நிரப்பி வைத்திருந்தால் எங்கள் வரிசை எவ்வளவு குறைந்திருக்கும்! அந்த வழியால் ஓட்டோ ஓடும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அத்தான் விடியப்புறம் தொழிலுக்குப் போகிறார். மண்ணெண்ணெய்க் கேனை நான்தான் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன். நல்ல பாரை பட்டால் அக்கா கருவாடு போட்டுத் தருவதாகச் சொன்னா. அங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்