அடுப்பை அப்புறம் வாங்கு, பாஸ்கர்

ஹோவிக், தென்னாப்பிரிக்கா,
மே 11

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். ஹாரிஸ்மித்தில் வீடு அமைந்ததும், சுமதிக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை உறுதியானதும் கேட்டுக் கலாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சின்னவன் விடியற்காலையில் புல்லில் படிந்திருந்த உறைபனியைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினான் என்று எழுதியிருந்தாயே, எனக்கு கோத்தகிரிதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் நாமும் அதைத்தானே செய்தோம்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் டர்பனில் விடுதியில் இருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி குளிர் தொடங்கியதும் எட்டிப் பார்க்கிறது, மற்றபடி குறையில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போனாலும் வீடு சூடாக இருக்கவேண்டும், அதனால் விறகு அடுப்பு ஒன்று போடப்போகிறேன், 14 கிலோவாட் அடுப்பு ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. உன் கூடம் ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்கிறாய். அதற்கு ஐந்தாறு கிலோவாட் அடுப்பு தாராளம். பெரிய அடுப்பை வைத்தால் அரை மணி நேரத்தில் வெக்கை தாங்காமல் அடுப்புக்குள் காற்று போகும் திறப்பை அடைத்துவிடுவாய். காற்றுக் குறைந்த நெருப்பு எரியாது, புகையும். அந்தப் புகை குழாயின் உட்சுவரில் தார் மாதிரி படியும். கிரியோசோட் என்பார்கள். அதுவே தீப்பிடிக்கக்கூடிய பொருள். ஒருநாள் பொறி பட்டால் புகைபோக்கிக்குள்ளேயே தீ ஏறும்.

அதனால் அடுப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் புகை போகும் வழியை யோசி. உன் பணத்தில் பாதி அதற்குப் போனாலும் தப்பில்லை. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் அடுப்பு வைத்த முதல் குளிர்காலம் அது. கொண்டுவந்து மாட்டிய ஆள் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துக் குழாயின் இணைப்புகளில் கறுப்பாக ஏதோ கசிந்து, அடுப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்திருந்தது. தீய்ந்த வெல்லப்பாகு மாதிரிப் பளபளப்பு, மூக்கைத் துளைக்கும் நாற்றம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மூட்லி அண்ணனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஆயுள் முழுக்கத் தகர வேலை பார்த்தவர். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அண்ணனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது சுத்தமான தமிழ்: "தம்பி, புகை போவலே."

குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒரு துண்டின் குறுகிய முனை கீழே பார்த்து, அடுத்த துண்டின் வாய்க்குள் இறங்கவேண்டும். அப்போதுதான் உள்ளே கசிவது குழாய்க்குள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரியும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக மாட்டியிருந்தது. அதையாவது சரிசெய்துவிடலாம். கூரைப் பலகையைப் பிரித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. கூரைக்குள் நுழையும் இடத்திலும் ஒற்றைத் தகடு குழாயையே விட்டிருந்தார்கள். நாலு விரல் தள்ளிப் பைன் மரச் சட்டம். அந்தப் பக்கம் மட்டும் சட்டம் பழுப்பேறி, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. தினமும் சூடு பட்டுப் பட்டு மரம் உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும், அப்படி ஆன மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்று அண்ணன் சொன்னார். அதற்கு நேர் கீழேதான் சின்னவளின் கட்டில் இருந்தது, பாஸ்கர்.

ஆகவே உன் வீட்டில் கூரையைத் தாண்டும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாய்தான் வேண்டும், நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு அடைத்தது. ஆள் எவ்வளவு சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதே. சுவரைத் துளைத்து முழங்கை மாதிரி வளைந்த குழாய் வைத்து வெளியே விடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் புகை தயங்கும், கரி தங்கும். நேராக மேலே போகட்டும். அடுப்பிலிருந்து உச்சிவரை நாலரை மீட்டராவது இருக்கவேண்டும். ஹாரிஸ்மித் உயரத்தில் காற்று மெலிசு, இழுவை குறையும், அதனால் இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் நல்லதே. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்துக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் தலை நீட்டியிருக்கவேண்டும்.

உன் கூடத்தில் ஓரிகன் பைன் பலகைத் தரை என்கிறாய். அழகான தரை, எனக்கும் ஆசைதான். ஆனால் அடுப்பு கல் பாவிய மேடையில் உட்காரட்டும். கதவுக்கு முன்னால் 45 சென்டிமீட்டராவது கல் நீண்டிருக்கட்டும், கதவைத் திறக்கும்போது கங்கு உருண்டு விழுந்தால் பலகையில் படாது. திரைச்சீலை, சோபா, துணி உலர்த்தும் கொடி எதுவாயினும் அடுப்போடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியைத் தாண்டி இருக்கட்டும். கையேடு இல்லையென்றால் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்.

விறகு பற்றிக் கேட்டிருக்கிறாய். பின்கட்டில் பழைய வேலிக் கம்பங்கள் அடுக்கிக் கிடக்கின்றன, அதை எரித்துவிடலாமா என்று. பச்சை சாயல் அடிக்கிறதா பார். அடித்தால் தொடாதே. கரையான் அரிக்காமல் இருக்கக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய கம்பம் அது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அது கூடவே கூடாது. பெயின்ட் அடித்த மரமும், ஒட்டுப்பலகையும் இதில் சேர்த்தி.

எனக்கு இங்கே சீகை கிடைக்கிறது. வாட்டில் என்கிறார்கள். நம் ஊரில் தோல் பதனிடப் பட்டை உரித்தார்களே, அதே மரம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கும் வந்தது, இந்த நேட்டாலுக்கும் வந்தது. முதல் தடவை சைக்கிளில் போகும்போது அந்த மஞ்சள் பூவின் வாசனை வந்ததும் நான் இறங்கி நின்றுவிட்டேன். இங்கே அது ஓடைக்கரையெல்லாம் பரவித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அதை வெட்டி அகற்றுவதற்கென்றே 1995 முதல் அரசாங்கம் ஆள் வைத்து வேலை நடத்துகிறது. ஆகவே சீகையும் தைல மரமும் எரிப்பதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. பெட்ரோல் பங்கில் பை பையாக விற்கும் கமீல்டோரிங் முள்மர விறகு நன்றாக நின்று எரியும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், மெல்ல வளர்வது. உரிமம் இல்லாமல் வெட்டியதா என்று பையைப் பார்த்துச் சொல்லமுடியாது. நான் வாங்குவதில்லை.

எந்த விறகானாலும் காய்ந்திருக்கவேண்டும். ஒரு சீகைக் கட்டையைப் பிளந்த அன்றே சமையலறைத் தராசில் வைத்தேன், 3 கிலோ 100 கிராம். ஒரு குளிர்காலம் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகடு மூடி வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் 1 கிலோ 900. ஒரே கட்டையில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கிறது. பச்சை விறகைப் போட்டால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்கவைக்கும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஊசியைக் குத்திப் பார்க்கவேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையை மோதிப் பார். காய்ந்தது ணங்கென்று கேட்கும், ஈரம் பொத்தென்று கேட்கும். உங்கள் பக்கம் குளிர்காலம் வறண்ட காலம், அதனால் இந்த வருஷம் பிளந்து அடுக்குவது அடுத்த வருஷத்துக்கு. இந்த வருஷத்துக்குக் காய்ந்த விறகை விலைக்குத்தான் வாங்கவேண்டும்.

பற்றவைக்கும் முறையும் நம் வீட்டு முறைக்கு நேர் எதிர். பெரிய கட்டை அடியில், நடுத்தரம் அதன்மேல், சுள்ளி உச்சியில். மேலே பற்றவைத்தால் நெருப்பு மெல்லக் கீழே இறங்கும், புகை குறையும். குளிர்ந்து கிடக்கும் குழாய் முதலில் புகையை வீட்டுக்குள் தள்ளும், அதனால் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாயருகே காட்டிச் சூடாக்கிக்கொள். முதல் கால் மணி, இருபது நிமிஷம் காற்றை முழுக்கத் திறந்துவிடு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. ஒன்றுமே தெரியாமல் வெறும் வெக்கை மட்டும் அலையடித்தால் எல்லாம் சரி.

இப்போது முக்கியமானது. இராத்திரி கட்டையைப் போட்டுக் காற்றை அடைத்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்குமே என்று கேட்டாய். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சாம்பலில் கங்கைப் புதைத்து வைத்துக் காலையில் ஊதி எடுப்பார். ஆனால் அந்த அடுக்களை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார். ஓட்டுக்கு ஓடு இடுக்கு, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் வெளி. அங்கே வீடே புகைபோக்கி. நாம் இப்போது இருப்பது ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்த வீடு.

இரண்டாவது வருஷம் ஜூலையில் நானும் அப்படித்தான் செய்தேன். காற்றில்லாத இராத்திரி. கலா சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிட்டு மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது என்றாள். மீன் வாடை என்று நினைத்தோம். பத்து நிமிஷத்தில் கூடத்து அலாரம் அலறியது. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம், போகிற போக்கில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு. மறுநாள் பார்த்தால், புகைபோக்கியின் தொப்பியில் குருவி நுழையாமல் போட்டிருந்த வலை முழுக்கக் கரி அடைத்து உள்ளங்கை அளவுகூடத் திறப்பில்லை. மேலே வழியில்லை, கீழே விசிறி வீட்டுக் காற்றை இழுக்கிறது. கங்கின் காற்று கூடத்துக்குள் திரும்பிவிட்டது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகையே இல்லாத சிவந்த தணல்தான் அதை அதிகம் விடும். பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போயிருந்தோம். பூக்குழியில் தணலைச் சமன்படுத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டவெளியில் அம்மன் சந்நிதியில் அது எவ்வளவு அழகு. அதே தணலை ஒரு தகர டப்பாவில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் ஆள் எழுந்திருக்கமாட்டான். இம்பாவுலா என்கிற, தகர டப்பாவில் ஓட்டை போட்டுச் செய்த கணப்பை உள்ளே கொண்டுபோய்த் தூங்கியவர்கள் இறந்துபோனதை இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியில் கேட்கிறோம்.

அதனால் அடுப்பு வருவதற்கு முன்பே இரண்டு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிவிடு, கூடத்தில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று. பின்பக்கம் காலாவதித் தேதி போட்டிருக்கும், அதையும் பார். வருஷத்துக்கு ஒருமுறை, குளிருக்கு முன்னால், குழாயைத் தூரிகை விட்டுத் துடைக்கவேண்டும். அடுப்புக் கதவு ஓரத்தில் இடுக்கை அடைக்கப் போட்டிருக்கும் கயிறு தளர்ந்ததா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துச் சாத்தி இழு. சுலபமாக வந்துவிட்டால் கயிறு மாற்றவேண்டும். புகைபோக்கிக்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்டால் தீ உள்ளே ஏறிவிட்டது என்று அர்த்தம். காற்றை அடை, அடுப்புக் கதவைத் திறக்காதே, தண்ணீர் ஊற்றாதே, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 112-ஐக் கூப்பிடு.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே, செங்கல்மேல் வை. ஒருநாள் முழுக்கக் கழித்துக் கிளறினபோதும் அடியில் சிவப்பாக ஒரு கண் முழித்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆறியபின் கீரைப் பாத்தியில் தூவலாம். உருளைக்கிழங்குக்கு மட்டும் வேண்டாம், சொறி பிடிக்கும்.

மூட்லி அண்ணனிடம் உன் வீட்டைப் பற்றிச் சொன்னேன். வருகிற இருபத்தைந்தாம் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் வான் ரீனன் கணவாய் ஏறி வருகிறோம். அண்ணன் கூரைக்குள் ஏறிச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக் குறித்துக் கொடுப்பார். அதை வைத்துப் பேசினால் மாட்ட வரும் ஆளும் ஏமாற்றமாட்டான். ஈரம் அளக்கும் கருவியை உனக்கே வைத்துக்கொள்ளக் கொண்டுவருகிறேன், என்னிடம் இன்னொன்று இருக்கிறது. ஏணி ஒன்று மட்டும் பக்கத்தில் கேட்டு வாங்கி வை. காரைக்குடி மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது என்று சுமதி சொன்னாளாம், கலா அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
சேகர்