ஏரி, வாய்க்கால் ஓரத்தில் மனை வாங்குவோர் கவனத்துக்கு

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் இருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு), புலப்படம் (எஃப்.எம்.பி., அந்த சர்வே எண்ணின் அளவுகளோடு கூடிய படம்), கிராம வரைபடம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் எண் மட்டும் போதாது, பக்கத்து எண்களும் வேண்டும். பட்டா நிலத்தின் ஊடே போகும் சிறு வாய்க்கால், விற்பவர் தரும் வண்ணப் படத்தில் சாலையாக மாறியிருக்கும். அதைத் தூர்த்து மெல்லிய குழாய் பதித்திருந்தால் இன்னும் மோசம்: மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்து, மேல்புறத்து மனைகளில் தண்ணீர் நிற்கும். அதனால் அனுமதி பெற்ற வரைபடத்தில் வாய்க்காலின் அகலம் புலப்படத்தோடு பொருந்துகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று உண்டா, அதில் மனையை எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

“அனுமதியில்லாத மனையைப் பிறகு வரன்முறை (அரசிடம் முறைப்படுத்தல்) செய்துகொள்ளலாம்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கான 2017 வரன்முறை விதிகள் நீர்நிலை நிலத்துக்குப் பொருந்தாது.

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற ராம்சர் தலங்களுக்கு (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) 2017 ஈரநில விதிகள் பொருந்தும்: பத்தாண்டு சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. பாசன ஏரிகள் அந்த விதிக்குள் வராது. நீர்வளத் துறை ஏரிகளில் 2007 தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும்.

புலப்படத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் நம் குழுவில் படமாகப் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.