ரசீதில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை

கென்யா சுகாதார அமைச்சருக்கும் 47 கவுண்டி (மாவட்ட) அரசுகளின் ஆளுநர்களுக்கும்,

வணக்கம். இந்த நாட்டில் பதினெட்டு ஆண்டாகக் கணக்கு எழுதிப் பிழைக்கும் தமிழன் நான். இதன் ஆங்கில நகலைத் தனியே அனுப்புகிறேன். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

போன மாதம் ஓர் அரசுப் போதனா மருத்துவமனையில் நள்ளிரவில் என் மனைவிக்குக் குடல்வால் அறுவை நடந்தது. கத்தி பிடித்தவர் அறுவை மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரார். நன்றாகவே செய்தார். விடியும் நேரத்தில் நல்ல சேதி சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை புத்தி, எட்டிப் பார்த்தேன். செலவுப் பக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டணம், வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம். வரவில் ஒரே வரி: வெளியே ஒரு கிளினிக்கில் பார்க்கும் லோக்கம், அதாவது தற்காலிக வேலை. இங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். சிரித்தார். “நான் மாணவன்தானே” என்றார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தக் கிளினிக்குக்குப் போக மட்டாட்டு என்ற மினிபஸ்ஸில் ஏறினார். இரவு முழுக்கக் கண் மூடாத மனிதர்.

விவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. அரசு வேலையில் இருந்து படிப்பு விடுப்பில் வருபவருக்குச் சம்பளம் வருகிறது. சொந்தக் காசில் சேர்ந்தவருக்கு ஒன்றுமில்லை. அதே வார்டு, அதே இரவுப் பணி, அதற்கு அவரே கட்டணமும் கட்ட வேண்டும். வேலை செய்ய முதலாளிக்குக் காசு கொடுக்கும் தொழிலாளியை என் பேரேடுகளில் நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் முதுநிலை மருத்துவ மாணவருக்கு மாத உதவித்தொகை உண்டு. போதவில்லை என்று அவர்களும் போராடுவார்கள், அது வேறு கதை. நான் கேட்பது இதுதான்: அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ரெஜிஸ்ட்ரார் எல்லாருக்கும் மாதச் சம்பளம் கொடுங்கள்.

பணமில்லை என்பீர்கள். முதல் பட்டம் முடித்த பயிற்சி மருத்துவர்களுக்கும் அதைத்தான் சொன்னீர்கள். மருத்துவர் சங்கத்தோடு போட்ட 2017 ஒப்பந்தப்படி அவர்களுக்கு மாதம் 2,06,400 ஷில்லிங். 2024ல் அதை 70,000 ஆக்கப் பார்த்தீர்கள். மார்ச் 14 தொடங்கி 56 நாள் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியே நின்றார்கள். உள்ளூர் மருத்துவர்கள் வேலைக்கு அலைந்த 2018ல், க்யூபாவிலிருந்து 100 பேரை விமானம் ஏற்றி வரவழைக்க மட்டும் பணம் இருந்தது. சரி, விருந்தோம்பல் நல்ல குணம்தான். வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு தட்டு வைத்திருக்கலாம்.

அமைச்சகம் கவுண்டியைக் காட்டும், கவுண்டி பல்கலைக்கழகத்தைக் காட்டும், பல்கலைக்கழகம் கட்டணக் கவுன்ட்டரைக் காட்டும். 2013ல் சுகாதாரப் பொறுப்பு மத்திய அரசிடமிருந்து கவுண்டிகளுக்குப் பிரிந்ததிலிருந்து இந்தச் சுற்று நடக்கிறது. சம்பளத்தை யார் தருவது என்பதை நீங்கள் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த நிதிநிலை அறிக்கைக்குள் முடிவு செய்யுங்கள். அந்த மருத்துவர் அதற்குள் வேறு நாட்டுக்குத் தேர்வு எழுதிவிட்டால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். மனைவியின் மருத்துவமனை ரசீதை இணைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் அறுவைக் கட்டணம் என்று போட்டிருக்கிறது, முழுதும் கட்டிவிட்டேன். அது யாருக்குப் போனது என்பதை மட்டும் பதிலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஒரு கணக்கர்