முறுக்கு கடிக்க முடியாத கதை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல் பாதிக் காரணம், மீதியைச் சொல்கிறேன்.

நுரையீரல் புற்றுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து ஏற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். அரை மணி நேர ட்ரிப், வீட்டுக்கு வந்து ரசம் சாதம். கீமோ மாதிரி முடி கொட்டவில்லை. நானும் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சீப்பை வைத்தாலே தலை எரிந்தது. இடது நெற்றிப் பொட்டில் விண்விண்ணென்று ஒரு வலி. முறுக்கை நான்கு கடி கடித்தால் தாடை கெஞ்சும், நிறுத்தினால் சரியாகிவிடும். பல்தான் காரணம் என்று பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒன்றுமில்லை என்றார். புற்றுநோய் டாக்டரிடம் போய்த் தாடை வலியைச் சொல்வதா என்று கூச்சம். மருமகள்தான் போனைப் பிடுங்கி அவரிடம் சொன்னாள்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கண் மங்குகிறதா?" அன்று மாலையே ரத்தப் பரிசோதனை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 96, ரொம்ப அதிகம். பொட்டில் ஓடும் ரத்தக் குழாயின் சுவர் அழற்சியால் வீங்கி, உள்ளே வழி குறுகிவிட்டதாம். மெல்லும்போது தாடைத் தசைக்கு ரத்தம் போதவில்லை, அதுதான் வலி. கண் நரம்புக்குப் போகும் குழாய் அதேபோல் அடைத்தால் பார்வை போகும், போனது பெரும்பாலும் திரும்பாது. அதனால் பயாப்ஸிக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு மாத்திரை, 60 மில்லிகிராம். மாத்திரை தொடங்கிச் சில நாள் கழித்து அந்தக் குழாயில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தாலும் அழற்சியின் அடையாளம் பெரும்பாலும் தெரியும் என்றார்கள். தெரிந்தது.

இத்தனைக்கும் காரணம் அந்த ட்ரிப் மருந்துதான். நோயை எதிர்க்கும் காவல் அணுக்களுக்கு உடம்பில் ஒரு பிரேக் உண்டு. அதைக் கண்டறிந்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோ 2018-ல் நோபல் வாங்கினார். புற்று அந்த பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒளிந்திருக்கும். ட்ரிப் மருந்து அதன் காலைத் தட்டிவிடும். கட்டவிழ்ந்த காவல்காரன் திருடனோடு வீட்டுக்காரனையும் சாத்திவிட்டான். குடல், தைராய்டு, தோல் என்று இவன் கை வைப்பது வழக்கமாம். ரத்தக் குழாயில் வைப்பது அபூர்வம், அது எனக்கு வாய்த்தது!

இரண்டாம் நாளே தலைவலி விட்டது. அதற்குப் பதிலாகச் சர்க்கரை ஏறி, தூக்கம் போய், முகம் பொரி உருண்டை மாதிரி ஆகிவிட்டது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டும். ட்ரிப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கட்டி இப்போதைக்கு வளரவில்லை. மறுபடி ஏற்றலாமா என்று அடுத்த ஸ்கேனுக்கு அப்புறம் பேசலாம் என்கிறார் டாக்டர். அந்த மருந்தைத் திட்டவும் மனம் வரவில்லை, என்னை இத்தனை நாள் ஓட்டியது அதுதானே.

உன் அக்காவுக்கும் இதே ரக மருந்து ஏற்றுவதாக எழுதியிருந்தாயே. அவர் வலியை வெளியே சொல்லாத ஆள். போய்ப் பார்க்கும்போது தலை வாரும்போது வலிக்கிறதா என்று நீயே கேள். மருந்துச் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
நாகராஜன்