கிரியாட்டினின் கூடினால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயம் பலவீனமாகி மாத்திரை சாப்பிடுபவர்களில் பலர், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சற்றுக் கூடியதுமே ‘கிட்னியில் உப்பு ஏறிவிட்டது’ என்று பயந்து, மருத்துவரைக் கேட்காமலே மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். உயிரைக் காக்கும் மாத்திரைகள்தான் முதலில் நிற்கின்றன என்பது வேதனை.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. சர்க்கரை நோய்க்கும் இதய பலவீனத்துக்கும் தரப்படும் டாபாக்ளிஃப்ளோசின் உள்வரும் குழாயைச் சற்றுச் சுருக்குகிறது. வடிகட்டியில் அழுத்தம் குறைவதால் முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் ஏறும். 1.0 இருந்தது 1.3 ஆவது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். நாளடைவில் டாபாக்ளிஃப்ளோசின் சிறுநீரகத்தைக் காக்கவே செய்கிறது.

கெடுதல் வேறு வழியில் வருகிறது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் உள்வரும் குழாயை இறுக்குபவை. நீர் மாத்திரையால் உடலில் நீர் குறைந்து, வெளியேறும் குழாயும் தளர்ந்திருக்கும்போது இதுவும் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் முடங்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, ரத்தத்தில் உள்ள பொட்டாசியம். ராமிப்ரிலோடு, இதய பலவீனத்துக்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் சேர்ந்தால் அது ஏறும். 1999-ல் ஸ்பைரனோலாக்டோனின் பலன் நிரூபணமானதும் கனடாவின் ஒன்டாரியோவில் அதைத் தாராளமாக எழுதித் தந்தார்கள். இதய பலவீனத்துக்காக ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிட்ட முதியோரில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-ல் 11 பேர். மருந்தின் மேல் பழி போடுவதில் பயனில்லை. மாத்திரை தொடங்கியோ அளவைக் கூட்டியோ 1 வாரத்திலும் 4 வாரத்திலும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்தாக வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் மருத்துவர் ஸ்பைரனோலாக்டோன் அளவைப் பாதியாக்குவார்; 6-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. இதய நோய்க்கு நல்லது என்று நம்பி வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீர் மாத்திரை உள்ளிட்ட சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லலாம். உடல் தேறியதும் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கோடையில் ‘தினமும் இளநீர் குடியுங்கள்’ என்று குறிப்பு வெளியிடும்போது, இந்த மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கவும் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டுகிறோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம்.

— மருந்தியல் ஆசிரியர்கள் இருவர், மதுரை