சாபம் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "மகன் எட்டு மாதமாக நன்றாக இருக்கிறான், ஜெபித்த எல்லோருக்கும் நன்றி" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. ஜெபித்ததற்கு நன்றி சொல்வது சுலபம். எங்களை எதிலிருந்து இழுத்து வெளியே போட்டீர்கள் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

மகனுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. விடியற்காலை நான்கரை மணி. கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு ஓடினால், பல் கிட்டி, கண் மேலே செருகி, வாயோரம் நுரை. இரண்டு நிமிஷம்கூட இருந்திருக்காது. டாக்டர் ஸ்கேனும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜியும் எடுத்துப் பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இருக்கிற நோய், ஒழுங்காக மருந்து எடுத்தால் 100-க்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஞாயிறுபள்ளியில் கேட்ட கதை ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நுரைதள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் புரளுகிற அந்தப் பையன். அவனுக்குள் இருந்தது அசுத்த ஆவி.

மூன்று வாரம் கழித்து, தெரிந்தவர்கள் மூலமாக ஒரு ஊழியக்காரரிடம் போனோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. சொன்னதை எல்லாம் அவரே நம்பினார், பயம் அங்கேதான் தொற்றுகிறது. "இது தலைமுறை சாபம். கட்டு எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்" என்று, முன்னோர் செய்த பாவம் பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்ற அர்த்தத்தில் சொல்லி ஏழு பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார். தாத்தா, பாட்டி, அவர்களுக்கு முந்தினவர்கள் யாராவது குறி கேட்டதுண்டா? மந்திரவாதியிடம் போனதுண்டா? குடும்பத்தில் தற்கொலை உண்டா? யாராவது சொத்தை ஏமாற்றியதுண்டா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம், அதில் டிக் போடவேண்டும். இறந்துபோன மனிதர்களைப் பற்றி நானும் கணவரும் இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து டிக் போட்டோம். என் அப்பாவழித் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு மட்டும் ஐந்து டிக்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "உங்களையோ உங்கள் சந்ததியையோ சபித்தவர் யார்? பெயரும் உறவும் எழுதவும்." என் மாமியார் பெயரை எழுதினேன்.

கல்யாணமான புதிதில் ஒரு சண்டை. கணவரைத் தனியாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர்களுக்கு மனத்தாங்கல். அழுதுகொண்டே, "நீயும் ஒரு பிள்ளையைப் பெத்து வளத்தா அப்பத் தெரியும் உனக்கு" என்றார்கள். உலகத்தில் எல்லா அம்மாக்களும் சொல்கிற வார்த்தைதானே. பத்து வருஷம் கழித்து, நடுராத்திரியில், டியூப்லைட் வெளிச்சத்தில் அது எனக்குச் சாபமாகக் கேட்டது.

அப்புறம் வீட்டில் 'திறந்த வாசல்' தேடினோம். பிசாசு எந்த வழியாக உள்ளே வந்தான் என்று. மகனின் டிராகன் போட்ட சட்டை போனது. பள்ளி நாடகத்துக்குப் போட்ட நரி முகமூடி போனது. கணவர் கல்லூரியில் வாங்கிய கேடயத்தில் ஒரு கழுகு இருந்தது. கழுகு வேதத்தில் நல்ல பறவை என்று வாதாடி அவர் அதைக் காப்பாற்றிவிட்டார் (இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு ஒரு மணி நேரம் சண்டை). "சளி பிடிக்கும்போல இருக்கு" என்று யாரும் சொல்லக்கூடாது, அது எதிர்மறை அறிக்கை, சொன்னது பலித்துவிடுமாம். மூத்தவள் கெட்ட கனவு கண்டால் எங்களிடம் சொல்வதையே விட்டுவிட்டாள். வீட்டைப் பிசாசிடமிருந்து காக்கிறோம் என்று நினைத்து, நாள் முழுக்க அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரையை நிறுத்தினோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, "விசுவாசம் இருந்தா அது எதுக்கு" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். நிறுத்தியது நாங்கள். பதினோராவது நாள், ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் கீழே விழுந்தான்.

என் முதல் நன்றி, அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த நர்ஸ் அக்காவுக்கு. நான் அவன் வாய்க்குள் ஸ்பூனைத் திணிக்கப் பார்த்தேன். பிடுங்கி எறிந்தீர்கள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே உங்கள் பையை வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். சுற்றிலும் சிலர் பிசாசைச் சத்தமாகக் கடிந்துகொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் நிமிஷம் எண்ணினீர்கள். "அஞ்சு தாண்டிடுச்சு, ஆம்புலன்ஸ்" என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. வண்டியில் ஒரு கையால் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தீர்கள். ஜெபம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யமுடியும் என்பதே அன்றைக்கு எனக்குப் புதுச் செய்தி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால்தான் இவ்வளவு பெரிய வலிப்பு என்று டாக்டர் சொன்னபோது, "ஏன் நிறுத்தினீங்க" என்று நீங்கள் ஒரு தடவைகூட எங்களைக் கேட்கவில்லை.

அடுத்து, வேதபாட வகுப்பு எடுக்கும் ஐயாவுக்கு. ஐயா, நீங்கள் வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். சாபம், பிசாசு எல்லாம் பழங்கதை என்று சொல்வீர்கள், நான் பதில் சொல்வேன் என்று வசனங்களைக் குறித்து வைத்திருந்தேன். நீங்களோ, "பிசாசு இல்லேன்னு சொல்ல நான் வரலம்மா, அவன் உண்டு. அந்தப் படிவத்தைக் கொஞ்சம் காட்டுறியா?" என்றீர்கள். ஏழு பக்கத்தையும் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி வாசித்தீர்கள். வாசித்து முடித்ததும் கேட்டது ஒன்றுதான்: "இதுல இயேசு எந்தப் பக்கத்துல வர்றார்?"

நான்கு வெள்ளிக்கிழமை வந்தீர்கள். மத்தேயு 4:24-ஐ என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். அதில் பிசாசு பிடித்தவர்கள் தனியாக இருந்தார்கள், சந்திரரோகிகள் தனியாக இருந்தார்கள். வலிப்பு வருகிறவர்களைத்தான் அந்தப் பழைய வார்த்தை சொல்கிறது என்றீர்கள். அந்தக் காலத்து மனிதர்கள் கண்ணுக்கே இரண்டும் வேறுவேறாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை வாசித்திருப்பேன், அந்தக் காற்புள்ளியை நான் பார்த்ததே இல்லை. ஏசாயா 38-இல் எசேக்கியா ராஜா அழுது ஜெபிக்கிறார், தேவன் ஆயுசைக் கூட்டித் தருகிறார், அதே அதிகாரத்தில் அவருடைய பிளவைக் கட்டிக்கு மருந்துப் பற்றும் போடச் சொல்கிறார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு நான் கை நடுங்காமல் மாத்திரை கொடுத்தேன்.

யாத்திராகமம் 20:5-தான் என்னைப் பிடித்து வைத்திருந்த வசனம். 'மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்' என்ற இடத்திலேயே நின்றிருந்தேன். 'என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து' என்று அதே வசனத்தில் இருப்பதையும், அடுத்த வசனத்தில் இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறை சொல்லியிருப்பதையும் விரல் வைத்துக் காட்டினீர்கள். அப்பா திராட்சக்காய் தின்றதற்குப் பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று ஜனங்கள் ஒரு பழமொழி வைத்திருந்ததும், அதை இனிமேல் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18-இல் தேவனே தடுத்ததும் எனக்குத் தெரியாது. இஸ்ரவேலரைச் சபிக்கச் சொல்லிப் பாலாக் ராஜா கூலி கொடுத்துக் கூட்டிவந்த பிலேயாம், சபிக்க வாய் திறக்கும்போதெல்லாம் ஆசீர்வாதமே வந்த கதையை நீங்கள் சொன்ன விதத்தில், பக்கத்து அறையிலிருந்து மகன் எட்டிப் பார்த்து, பிலேயாமோடு பேசின கழுதையைப் பற்றிக் கேட்டான். வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கலாத்தியர் 3:13-க்கு வந்தபோது விளக்கமே சொல்லவில்லை நீங்கள். 'கிறிஸ்து நமக்காகச் சாபமாகி' என்பதை மெதுவாக இரண்டு தடவை வாசித்துவிட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளி, "இதையெல்லாம் திரும்ப நீ எதுக்கும்மா சுமக்கிற?" என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் கழிவறை எங்கே என்று கேட்டு எழுந்து போய்விட்டீர்கள். அந்த நாசூக்குக்கும் நன்றி.

கத்தோலிக்கத் தோழி தன் சிற்றப்பாவான பாதிரியாரிடம் எங்களைக் கூட்டிப் போனாள். அவர் பேசியது அரை மணி நேரம்தான். தங்கள் சபையில் பேயோட்டும் சடங்கை நினைத்த குருவெல்லாம் செய்துவிட முடியாது, ஆயரின் அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் இது வியாதியா என்று பார்த்தாக வேண்டும் என்றார். வம்சப் பாவத்தைக் குணமாக்குகிறோம் என்று நடத்திய திருப்பலிகளைப் போலந்து ஆயர்கள் 2015-இல் தடுத்த விஷயத்தையும் சொன்னார். திருமுழுக்கில் கழுவப்பட்ட பிள்ளைமேல் தாத்தாவின் பாவம் எப்படி ஒட்டியிருக்கும் என்பது அவர் கேள்வி. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் மேற்கே பார்த்துக் கைநீட்டிச் சாத்தானை வெறுத்துவிட்டு, கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கை செய்வார்களாம். "அவ்வளவுதான், திரும்பிட்டோம். திரும்பின பிறகும் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கிட்டே நிக்கக்கூடாது" என்று சொல்லிச் சிரித்தார்.

மூத்தவளை இரண்டு மாதம் பள்ளிக்கு அழைத்துப்போன அண்ணனுக்கும், ராத்திரி கண்விழிக்க முறை வைத்து வந்த மூன்று சகோதரிகளுக்கும், கட்டுகளை முறிக்கும் வீடியோக்களை அனுப்பிக்கொண்டேயிருந்து, ஒரு நாள் "இனிமே அனுப்பலக்கா, மன்னிச்சிருங்க" என்று எழுதிய தம்பிக்கும் நன்றி. தம்பி, எனக்குக் கோபமே இல்லை. நானும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் நம்பாதவளாக மாறிவிடவில்லை. குறி கேட்பதும் செத்தவர்களிடம் பேசப் பார்ப்பதும் எனக்கு இன்றும் விளையாட்டில்லை, அதையெல்லாம் தடுக்கிற உபாகமம் 18 அப்படியே இருக்கிறது. டிராகன் சட்டை விஷயத்தில் ஐயா என்னைக் கிண்டல் செய்வார். புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மகன் கேட்டான், "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? இல்ல நீங்க பண்ணீங்களா?" அந்தப் படிவம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வாய் வரவில்லை. ஐயா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தார். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.' அவன் அந்த வரியைத் தானே ஒரு தடவை வாசித்தான். "சரி" என்றான். விளையாடப் போய்விட்டான். ஏழு பக்கம் எழுதியும் கிடைக்காதது ஒரு வரியில் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

கடைசி வெள்ளிக்கிழமை ஐயா போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "படிவத்துல கோபத்தைப் பத்தி ஒரு கேள்வியும் இல்லையே, கவனிச்சியா?" எபேசியர் 4-இல் பிசாசுக்கு இடம்கொடாதிருங்கள் என்று சொன்ன பவுல், அதற்கு முந்தின வரியில் பேசுவது சூரியன் அஸ்தமிக்குமுன் தணியவேண்டிய எரிச்சலைப் பற்றித்தான். நான் மாமியாரோடு பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர்கள் போன் செய்தால் கணவர்தான் எடுப்பார். பேரனுக்கு என்ன வியாதி என்றுகூட முழுசாகச் சொல்லவில்லை. அவர்கள் வந்தால் அந்த ஆவியும் கூட வரும் என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

அத்தை, கடைசி நன்றி உங்களுக்கு. நீங்கள் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல முடியாமல் ஒரு வாரம் ஓட்டினேன். ஒரு ராத்திரி சமையலறையில் அந்தக் கடைசிப் பக்கத்தையே உங்கள் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் உங்களால் வாசிக்க முடியாது என்பதை மறந்துவிட்டேன். நானே வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. உங்கள் பெயர், உறவு: மாமியார். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "எட்டாயிருச்சு. புள்ளைக்கு மாத்திரை குடுத்தியா?" என்றீர்கள்.

இன்றைக்கும் இரவு மாத்திரை உங்கள் பொறுப்புதான்.

நன்றியுடன்,
உங்கள் சபையில் ஒரு அம்மா