பக்கியில் (பிக்-அப் வண்டியில்) பொருத்திய எல்.இ.டி. லைட் பார்: வயர் உருகியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
டோங்காட், குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
வாகன உதிரிபாகக் கடை, டர்பன்

நாள்: 12 ஆகஸ்ட் 2024

பொருள்: ரிலே (அதிக மின்னோட்டத்தைத் தனி வழியில் விடும் துணை ஸ்விட்ச்) இல்லாமல் லைட் பார் பொருத்தியதால் ஹெட்லைட் வயரிங் எரிந்தது, பணத்தைத் திருப்பித் தரவும் வயரிங் செலவை ஏற்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஜூன் மாதம் உங்கள் கடையில் என் ஹைலக்ஸ் பக்கியின் முன் பம்பரில் 20 அங்குல எல்.இ.டி. லைட் பார் (நீளமான கூடுதல் விளக்கு) போட்டுக்கொண்டேன். போன வாரம் ராத்திரி இடது ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் உருகி, பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. உங்கள் ஆட்கள் அதைப் பொருத்திய விதம்தான் இதற்குக் காரணம். போனில் சொன்னதை யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆகவே எழுத்தில் தருகிறேன். கடையில் நீங்களும் நானும் தமிழில்தான் பேசிக்கொண்டோம், தமிழிலேயே எழுதுகிறேன்.

இந்த விளக்கை நான் அழகுக்காகப் போடவில்லை. எங்கள் தோட்டம் டோங்காட்டிலிருந்து வார்ட்பர்க் போகும் ஆர்614 சாலையிலிருந்து உள்ளே இருக்கிறது. கத்தரிக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு வெகு முன்பே கிளேர்வுட் சந்தைக்குக் கிளம்ப வேண்டும். பாதி நாள் என் மகன்தான் ஓட்டுகிறான். வழியெல்லாம் கரும்பு, தெருவிளக்கு கிடையாது. வெட்டுக் காலத்தில் கரும்பு லாரிகள் வயல் பாதையிலிருந்து திடீரென்று சாலைக்கு ஏறும். ஓரத்தில் ஆட்கள் நடந்துவருவார்கள், மாடு படுத்திருக்கும். அங்கே ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை. இதையெல்லாம் உங்களிடம் விளக்கிவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். ஹை பீம் போட்டால் மட்டும் பார் எரிய வேண்டும், எதிரே வண்டி வரும்போது டிம் செய்தால் அதுவும் சேர்ந்து அணைய வேண்டும், பனிமூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும் என்பதால் அதைத் தனியாக அணைக்க டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்சும் வேண்டும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றீர்கள். ரசீதிலும் "வயரிங் செட், ரிலே, ஃப்யூஸ், ஸ்விட்ச், பொருத்துக்கூலி உட்பட" என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

வண்டியைத் திரும்ப எடுத்தபோது ஸ்விட்ச் இல்லை. கேட்டதற்கு, "ஹை பீமோடு சேர்த்தாயிற்று, தனி ஸ்விட்ச் தேவைப்படாது" என்றார் உங்கள் பையன். வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சம்பவம் நடந்த இரவு வண்டியை ஓட்டியவன் மகன். மேட்டில் ஏறும்போது இடது விளக்கு மங்கி மங்கி எரிந்திருக்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றியிருக்கிறான். அந்தப் புத்தி வராமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. உருகிய இடத்துக்கும் காற்று ஃபில்டர் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மறுநாள் வெருலத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் ஃப்யூஸ் பெட்டி. இடது ஹை பீமுக்கு 10 ஆம்பியர் என்று மூடியிலேயே அச்சடித்திருக்கிறது. அது சிவப்பு ஃப்யூஸ். அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒன்று செருகியிருந்தது. பச்சை என்றால் 30 ஆம்பியர். உங்கள் கடைக்கு வரும்வரை அங்கே சிவப்புதான் இருந்தது, அதற்குப் பிறகு வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

ஏன் மாற்றினார்கள் என்பதற்கும் அவர் கணக்குச் சொன்னார். ஒரு பக்க ஹை பீம் பல்ப் 60 வாட், அதாவது நாலைந்து ஆம்பியர். உங்கள் பார் 180 வாட், எஞ்சின் ஓடும்போது சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் ஒரே வயரில் மாட்டினால் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போகத்தான் செய்யும். உங்கள் பட்டறையிலேயே போயிருக்க வேண்டும். ஏன் போகிறது என்று பார்ப்பதை விட்டு, போகாத ஃப்யூஸைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். வயரைக் காப்பாற்றத்தான் ஃப்யூஸ் இருக்கிறது. 30 ஆம்பியர் போட்டதும், ஃப்யூஸ் போவதற்கு முன்னால் வயர் உருகும் நிலை வந்துவிட்டது. எந்த எலெக்ட்ரீஷியனும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

அடுத்து, பாருக்குப் போகும் வயரை ஹெட்லைட் வயரோடு சேர்த்த இடம். ஒரு நீல கிளிப்பை வைத்துக் கடிக்கவிட்டிருந்தார்கள். கிளிப்பின் ஒரு பக்கம் கருகி, வயரின் மேலுறை வழிந்து செம்பு வெளியே தெரிந்தது. எர்த் வயரை ரேடியேட்டர் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டாமலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். கருகிய துண்டை ஒதுக்கிவிட்டுத் தற்காலிகமாக இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 13.9 வோல்ட், பார் முனையில் 11.2. மீதி எல்லாம் வழியில் சூடாகப் போகிறது. இந்த மாதிரி பாரில் உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று எப்போதும் ஒரே அளவு வாட்டைத்தான் கேட்கும். அதனால் வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும், வயர் இன்னும் சூடாகும். மேட்டுச் சாலையில் நீண்ட நேரம் ஹை பீமில் போனபோது அதுதான் நடந்திருக்கிறது.

சரியாக எப்படிச் செய்வது என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு, ரிலேயின் 87 முனையிலிருந்து பாருக்கு. ஹை பீம் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயரை டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 86-க்குக் கொண்டுவந்து, 85-ஐ எர்த்தில் சேர்த்தால் போதும். ஹெட்லைட் வயரிலிருந்து ரிலே எடுப்பது அரை ஆம்பியர்கூட வராது. நான் கேட்ட அத்தனையும் இதில் கிடைத்திருக்கும். இதற்கு வேண்டிய செட்டுக்குத்தான் நீங்கள் பணமும் வாங்கினீர்கள். அந்த ரிலேயும் ஸ்விட்சும் என் வண்டியில் இல்லை. அவை எங்கே போயின என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன் செய்தபோது முதலில் பல்ப் பழசு என்றார்கள். அப்புறம், வாரண்டி விளக்குக்கு மட்டும்தான், வயரிங்குக்குக் கிடையாது என்றார்கள். வயரிங் வேலைக்கும் சேர்த்துத்தானே ரசீது போட்டீர்கள்? படங்களை அனுப்பினேன், பார்த்த அடையாளம் இருக்கிறது, பதில் இல்லை. இத்தனைக்கும் மனம் அதிகம் நொந்தது வேறொன்றில். வண்டியில் புகை வந்தது என்று சொன்ன பிறகும், ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னும் சில சின்ன விஷயங்களும் இருக்கின்றன. பம்பரில் போட்ட துளைகளுக்குப் பெயின்ட் தொடவில்லை, கடல் காற்றில் இப்போதே துரு பிடித்திருக்கிறது. பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தும் ஒரு மழைக்கே கண்ணாடிக்குள் நீர்த்துளி கோத்திருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டிய தரம் அது. பாரைப் போட்டால் ரேடியோவில் லோட்டஸ் எஃப்.எம். இரைச்சலாகிவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மற்றதைப் பொறுக்க முடியாது.

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிவு 54-இன்படி வேலை தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சரிசெய்து தர வேண்டும், அல்லது பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தர வேண்டும். பிரிவு 56-இன்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை வாங்கியவர்தான் தீர்மானிப்பார். ஜூனில் வாங்கியது, இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை.

எனக்குப் பணம்தான் வேண்டும். பாரின் விலை, செட்டின் விலை, பொருத்துக்கூலி மூன்றையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். எரிந்த வயரிங்கை வெருலத்தில் மாற்றிய செலவுக்கும் பில் இணைத்திருக்கிறேன், அதையும் ஏற்க வேண்டும். பாரைக் கழற்றி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பட்டறையில் மறுபடி பொருத்தித் தருகிறோம் என்ற யோசனை வேண்டாம், அந்த நம்பிக்கை போய்விட்டது. இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே படங்களோடும் எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த அறிக்கையோடும் புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மனிடம் போவேன். கருகிய கிளிப்பையும் பச்சை ஃப்யூஸையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பணத்துக்கு அப்பாற்பட்டுக் கேட்கிறேன். என் வண்டிக்கு முன்னும் பின்னும் அதே பட்டறையில் வேறு பக்கிகளும் பார் போட நின்றிருந்ததை நானே பார்த்தேன். அவற்றையும் அதே ஆட்கள் இதே முறையில் பொருத்தியிருந்தால், எத்தனையோ பேர் அதே நிலையில் ராத்திரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ரசீதுப் புத்தகத்தில் எல்லாருடைய போன் நம்பரும் இருக்கும். தயவுசெய்து அவர்களைக் கூப்பிட்டு ஹெட்லைட் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே இல்லாத வண்டிகளைத் திரும்ப வரவழைத்து இலவசமாக மாற்றிக் கொடுங்கள். எனக்குத் தரும் பதிலில் இதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
டோங்காட்

இணைப்பு: ரசீதின் நகல், எரிந்த வயரிங்கின் படங்கள், எலெக்ட்ரீஷியனின் அறிக்கை, பழுதுபார்த்த பில்